பழைய கேனிஸ்டர் வேக்குவம் கிளீனர்: ஹோஸில் அடைப்பா, ஓட்டையா? எப்படிச் சரிசெய்வது?

பழசு_பிரியன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. பை வைத்து ஓடும் பழைய கேனிஸ்டர் வகை (மோட்டார் பெட்டி தரையில் தனியாக இருக்கும், ஹோஸ் வழியாக உறிஞ்சும்) வேக்குவம் கிளீனர். மோட்டார் ஓடுகிறது, ஆனால் தரைப் பிரஷ் பக்கம் இழுவையே இல்லை. ஒரு காகிதத் துண்டைக்கூட எடுக்க மாட்டேன் என்கிறது. பையை மாற்றியாயிற்று, மோட்டாருக்கு முன்னால் உள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் கழுவிக் காயவைத்துப் போட்டாயிற்று. கொஞ்ச நேரம் ஓடினால் மெஷின் சூடாகித் தானாக நின்றுவிடுகிறது. ஆறியபிறகு மறுபடி ஓடுகிறது.

ஹோஸ் சாம்பல் நிற நெளிவுக் குழாய், சுவருக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. நீளம் சுமார் 1.8 மீட்டர், உள்விட்டம் 32 மி.மீ. மெஷின் பக்க முனையை ஒட்டி முன்பே யாரோ இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். அது இப்போது பிசுபிசுவென்று நழுவிக் கிடக்கிறது.

உள்ளே குச்சி விட்டுக் குத்தலாமா? தண்ணீர் விட்டுக் கழுவலாமா? டேப் சுற்றிய இடத்தை ஒழுங்காகச் சரிசெய்ய என்ன வழி? இந்த மாடலுக்கு ஹோஸ் தனியாகக் கிடைப்பதாகத் தெரியவில்லை.

மோட்டார்_மெக்கானிக்

குத்துவதற்கு முன் அடைப்பா, கசிவா என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இழுவை போகும், வைத்தியம் மட்டும் வேறு வேறு.

சத்தமே பாதியைச் சொல்லிவிடும். அடைப்பு இருந்தால் மோட்டார் சத்தம் வழக்கத்தைவிடக் கீச்சென்று ஏறும். தள்ளுவதற்குக் காற்று வராததால் ஃபேனுக்குச் சுமை குறைந்து மோட்டாரின் வேகம் கூடுகிறது. இதைக் கேட்டு மோட்டார் திணறுகிறது என்று நினைப்பவர்கள்தான் அதிகம்; உண்மையில் அது வேலையில்லாமல் சுற்றுகிறது. கசிவு என்றால் சத்தம் எப்போதும்போல இருக்கும், இழுவை மட்டும் காணாமல் போயிருக்கும்.

உங்கள் மெஷின் சூடாகி நிற்கிறது என்பது இன்னொரு தடயம். இந்த மாதிரிப் பழைய மெஷின்களில் பெரும்பாலும் உறிஞ்சிய காற்றேதான் மோட்டாரையும் குளிர்விக்கும். ஹோஸில் ஓட்டை மட்டும் இருந்தால் அந்த ஓட்டை வழியாகவாவது காற்று போய்ச் சேரும், மோட்டார் இந்த அளவுக்குச் சுடாது. ஆகவே எங்கோ அடைப்பு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். டேப் இருக்கும் இடத்தில் கசிவும் இருக்கலாம், அது தனிக் கணக்கு.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். முதலில் ஹோஸை எடுத்துவிட்டு மெஷினின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் பை, ஃபில்டர், மோட்டார் மூன்றும் சரி. அங்கேயே இழுவை இல்லையென்றால் ஹோஸைத் தொடவே வேண்டாம், குற்றவாளி மெஷினுக்குள் இருக்கிறது. (துணிப் பை என்றால் பார்வைக்குக் காலியாகத் தெரியும், ஆனால் நுண்தூசி துணியின் கண்களை அடைத்திருக்கும்.) அடுத்து ஹோஸை மட்டும் மாட்டிக் கைப்பிடி முனையில் கை வையுங்கள். பிறகு பைப், கடைசியில் பிரஷ். எந்தத் துண்டைச் சேர்த்ததும் இழுவை போகிறதோ அதில்தான் கோளாறு. ஒவ்வொரு சோதனைக்கும் சில விநாடி ஓடினால் போதும். துண்டுகளைக் கழற்றி மாட்டும்போது பிளக்கை எடுத்துவிடுங்கள்.

கைப்பிடியில் நகர்த்தும் சிறு ஜன்னல் ஒன்று இருக்கும், திரைச்சீலை சுத்தம் செய்யும்போது இழுவையைக் குறைப்பதற்காக. அது திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் அதுதான்.

கோலிக்குண்டை உள்ளே போட்டுப் பார்க்கும் சோதனையை நிறையப் பேர் சொல்வார்கள். சுமார் 16 மி.மீ. குண்டு 32 மி.மீ. குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் உருண்டு வெளியே வந்துவிடும். குண்டு வரவில்லை என்றால் அடைப்பு நிச்சயம். வந்துவிட்டது என்பதால் குழாய் சுத்தம் என்று ஆகாது. ஹோஸை நேராகப் பிடித்து ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் கண் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

தூசித்தட்டி

மேலே சொன்னது சரி. இப்போ அடைப்பை எடுக்கிற கதைக்கு வர்றேன்.

துடைப்பக் கட்டையை விட்டுக் குத்தாதீங்க. ஹோஸ்ல மாட்டுறது பெரும்பாலும் தூசி உருண்டை கிடையாது. தீக்குச்சி, ஹேர்பின், பேனா மூடி, துடைப்பக் குச்சி மாதிரி ஏதோ ஒண்ணு குறுக்கால சிக்கிக்கும். அதுக்கு மேல முடி சுத்தும், முடியில தூசி பிடிக்கும், கடைசியில கம்பளி மாதிரி ஒரு அடைப்பான் ஆயிடும். கைப்பிடி பக்கத்துல இருந்து குத்தினா அந்தக் குச்சி இன்னும் இறுகிப்போய்ச் சுவரைக் கிழிக்கும். எந்த வழியா வந்துச்சோ அந்த வழியாவே திருப்பி அனுப்பணும்.

அதுக்கு நல்ல வழி மெஷினையே பயன்படுத்துறது. ஹோஸை முழுசா கழட்டுங்க. கைப்பிடி முனையை மெஷின் வாயில வச்சு, சுத்தி இருக்கிற இடைவெளியை ஈரமில்லாத துணியால இறுக்கமா அடைச்சுப் பிடிங்க. மெஷின் பக்க முனை சும்மா தரையில கிடக்கட்டும். இப்போ ஆன் பண்ணினா காற்று தலைகீழா போகும். ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, இன்னொருத்தர் ஹோஸை அக்கார்டியன் மாதிரி இழுத்து விட்டு, இழுத்து விட்டு, நடுநடுவே கையால தட்டிக்கிட்டே வரணும். நெளிவு விரியும்போது அடைப்பான் பிடி விடும். 'தடக்'னு ஒரு சத்தம் கேக்கும், மோட்டார் சத்தம் சட்டுனு இறங்கிடும். பை உள்ள இருக்கணும், இல்லேன்னா அந்தக் குச்சி நேரா ஃபில்டர்ல போய் அடிக்கும். பழைய பை இருந்தா இதுக்கு அதைப் போடுங்க. உங்க மெஷின் சூடாகி நிக்குதுன்னு சொன்னதால ஒரு தடவைக்கு அரை நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க.

பழைய மெஷின்ல பின்னாடி ஊதுற வாய் இருந்தா இன்னும் சுலபம். ஹோஸோட மெஷின் பக்க முனையை அதுல மாட்டி ஊத விடுங்க. கைப்பிடி முனையை வெளியில வச்சுச் செய்யுங்க, இல்லேன்னா வீடு முழுக்கத் தூசிதான்.

இதுக்கும் வரலேன்னா தோட்டத்துக்குத் தண்ணி விடுற கெட்டியான ரப்பர் குழாய் ஒரு துண்டு, இல்லேன்னா எலக்ட்ரீஷியன் வயர் இழுக்க வச்சிருக்கிற நைலான் ஸ்பிரிங். ஸ்பிரிங்கோட நுனியில துணி சுத்தி டேப் போட்டு, சுண்டுவிரல் நுனி அளவுக்கு மொட்டையா ஆக்கிக்கோங்க. ஹோஸைத் தரையில நேரா நீட்டிப் போட்டு, மெஷின் பக்க முனையில இருந்து கைப்பிடி பக்கமா மெதுவா தள்ளுங்க. இடிச்சு நின்னா திருகிக்கிட்டே தள்ளணும், குத்தக் கூடாது. கம்பியை வளைச்சுக் கொக்கி பண்ணி எடுக்கறதை ரெண்டு முனையிலயும் கண்ணுக்குத் தெரியற தூரம் வரைக்கும் மட்டும் வச்சுக்கோங்க. நடுவுல கொக்கி விட்டா நெளிவைக் குத்திக் கிழிச்சிடும்.

கைப்பிடி வளைவை மறந்துடாதீங்க. பாதி அடைப்பு அந்த வளைவுலதான் இருக்கும், ஹோஸ்ல கிடையாது.

கழுவறது பத்தி: அடைப்பை எடுத்த பிறகும் நெளிவுக்குள்ள தூசி படிஞ்சிருந்தா கழுவலாம். ஆனா சூடு வேண்டாம், கை பொறுக்கிற வெதுவெதுப்பு, 40 டிகிரிக்குள்ள. ஒரு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கிற திரவம் விட்டு, ரெண்டு முனையையும் மேல தூக்கிப் பிடிச்சு இப்படியும் அப்படியும் ஆட்டி ஊத்திடுங்க. நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசுங்க. அப்புறம் நிழல்ல செங்குத்தா தொங்க விடணும், குறைஞ்சது ஒரு முழு நாள். ரெண்டு நாள்னா இன்னும் நல்லது. U மாதிரி தொங்கவிட்டா அடி வளைவுல தண்ணி நின்னுக்கும். ஈரத்தோட மாட்டினா தூசி சேறாகி முன்னைவிட மோசமா அடைக்கும், ஈரக்காற்று பைக்கும் மோட்டாருக்கும் போகும்.

வயர்மேன்

கழுவும் முன் ஒன்று. தரைப் பிரஷ்ஷுக்குள் தனி மோட்டார் இருக்கிறதா? ஹோஸின் முனைகளில் பித்தளை முள் அல்லது சிறு பிளக் தெரிகிறதா? இருந்தால் அது மின்சாரம் ஓடும் ஹோஸ். சுருளோடு சேர்ந்து வயர்களும் சுவருக்குள் சுற்றிச் செல்லும். சில மாடல்களில் அதில் முழு மெயின் வோல்டேஜே இருக்கும். அப்படிப்பட்ட ஹோஸைக் கழுவவும் கூடாது, கத்தி வைக்கவும் கூடாது. விரிசலில் செம்பு தெரிந்தால் டேப் சுற்றி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம், ஹோஸை மாற்ற வேண்டியதுதான்.

உறிஞ்சுவது சரியாக இருந்து, பிரஷ் மட்டும் விட்டு விட்டுச் சுற்றினால் வயர் அறுந்திருக்கும். அனேகமாகக் கைப்பிடியை ஒட்டிய ஒரு சாண் தூரத்துக்குள். பிளக்கை எடுத்துவிட்டு மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (வயர் அறாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, இரு முனைகளையும் தொட்டபடி ஹோஸை வளைத்துப் பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அதுதான்.

இன்னொன்று: சிமெண்ட், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூளை உறிஞ்சிய ஹோஸாக இருந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். நெளிவுக்குள் கெட்டியாகிவிடும். உலர்ந்தபடியே தட்டி எடுங்கள்.

நெகிழ்குழல்

டேப் சுற்றிய இடத்துக்கு வருவோம். ஹோஸ் எப்போதும் முனைகளில்தான் செத்துப்போகும். கெட்டியான முனை முடிந்து நெகிழும் குழாய் தொடங்கும் அந்த 10 - 15 செ.மீ.தான் ஒவ்வொரு முறையும் மடங்குகிறது. ஹோஸைப் பிடித்து மெஷினை இழுக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

முதலில் மொத்தம் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். ஹோஸை மாட்டி, கைப்பிடி முனையை அடைத்து ஓடவிட்டு, நனைத்த புறங்கையை ஹோஸை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். கசிவுள்ள இடத்தில் சில்லென்று தெரியும். நேராக இருக்கும்போது மூடிக்கொள்ளும் விரிசல் வளைத்தால்தான் வாய் திறக்கும், அதனால் வளைத்து வளைத்துப் பாருங்கள். ஒரே இடம் என்றால் வேலை செய்யலாம். நாலைந்து இடத்தில் கசிகிறது, வளைத்தால் நெளிவின் முகடு வெளுத்து மொடமொடக்கிறது என்றால் பிளாஸ்டிக்கின் நெகிழ்வே போய்விட்டது. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று பிளக்கும், அந்த ஹோஸில் உழைப்பைக் கொட்டாதீர்கள்.

முனையை ஒட்டிய விரிசலுக்குச் சரியான வைத்தியம் டேப் இல்லை. அந்தத் துண்டை வெட்டிவிட்டு முனையை மறுபடி மாட்டுவதுதான். 1.8 மீட்டரில் 10 செ.மீ. போனால் தெரியாது.

உங்கள் ஹோஸ் சுருளா, வளையமா என்று பாருங்கள். பேனா நுனியை ஒரு பள்ளத்தில் வைத்துக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒரு சுற்று முடிந்ததும் நுனி அடுத்த பள்ளத்துக்கு நகர்ந்திருந்தால் சுருள், தொடங்கிய இடத்துக்கே வந்தால் வளையம். கம்பிச் சுருள் உள்ளது என்பதால் உங்களுடையது சுருளாகத்தான் இருக்கும். அதில் முனை பெரும்பாலும் மரைபோலத் திருகி ஏற்றப்பட்டிருக்கும். எந்தத் திசையில் கழலும் என்பது சுருளின் போக்கைப் பொறுத்தது. வழக்கமான திருகு மாதிரி என்று நினைத்து எதிர்ப்பக்கம் முறுக்கிக் கிழித்துவிடாதீர்கள். சில முனைகளில் பக்கவாட்டில் இரண்டு சிறு ஓட்டைகளும் அவற்றில் எட்டிப் பார்க்கும் கொக்கிகளும் இருக்கும். தட்டை ஸ்குரூடிரைவரால் அவற்றை அழுத்தி உருவ வேண்டும்.

வெட்டும் இடம் விரிசலுக்கு அப்பால் இரண்டு மூன்று நெளிவு தள்ளி, வளைத்தாலும் வெளுக்காத இடமாக இருக்கட்டும். கத்தியை முகட்டில் வைக்காமல் பள்ளத்தில் வைத்துச் சுற்றி அறுத்து, கம்பி தட்டுப்படும் இடத்தில் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். கம்பியின் நுனியை மூக்கு பிளேயரால் வெளிப்பக்கமாக மடக்கிச் சுவரோடு படிய அழுத்துங்கள். உள்ளே ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தாலும் அடுத்த முடி அதில்தான் சுற்றும்.

வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் கம்பி இல்லாத ஒரு சீவலை எடுத்துத் தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை விரலால் தள்ளிவிட்டுப் பாருங்கள். மூழ்கினால் பி.வி.சி. வகை, மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது ஈ.வி.ஏ. (இரண்டும் தண்ணீரைவிட லேசான பிளாஸ்டிக் வகைகள்). மிதக்கும் ரகத்தில் சாதாரணப் பசை எதுவும் உருப்படியாகப் பிடிக்காது. அதில் மரையின் பிடியை மட்டும் நம்பி, காற்று அடைக்க மெல்லிய ஒரு வரி சிலிக்கான் சீலன்ட் வைத்துத் திருகி, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பி.வி.சி. என்றால் பைப் ஒட்டும் சால்வென்ட் சிமெண்ட்டை முனையின் மரையில் மட்டும் லேசாகத் தடவலாம். அதிகமானால் மெல்லிய சுவர் இளகிச் சுருங்கும். எந்த ரகமானாலும் சூப்பர் குளூ வேண்டாம், கண்ணாடி மாதிரி இறுகி முதல் வளைவிலேயே விரிந்துவிடும். முனையின் மரைக்குள் பழைய ஹோஸின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்த பிறகே திருகுங்கள். நான்கு சுற்றாவது ஏற வேண்டும்.

நடுவில் கிழிந்திருந்தால் செல்ஃப் ஃப்யூசிங் சிலிக்கான் டேப். அது ஹோஸில் ஒட்டாது, தன்மேல் தானே ஒட்டி ஒரே ரப்பர் உறையாகிவிடும். இன்சுலேஷன் டேப்பின் பசையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் பி.வி.சி.யைக் கரைக்கும். டேப்பை இரண்டு மடங்காவது இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி, கிழிசலுக்கு இரண்டு பக்கமும் 5 செ.மீ. தாண்டி மூன்று அடுக்குச் சுற்றுங்கள். கடைசிச் சுற்றை இழுக்காமல் போடுங்கள், இல்லையென்றால் நுனி உரிந்துவிடும்.

தூசித்தட்டி

நடுவுல பெரிய கிழிசல்னா வெட்டிட்டு உள்ள ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டு போட்டு ஜாயின்ட் பண்ணலாமே? டேப்பைவிட உறுதி.

நெகிழ்குழல்

உறுதிதான், ஆனால் விலை இழுவையில் போகும். 32 மி.மீ. ஹோஸுக்குள் நுழையும் துண்டின் உள்விட்டம் 26 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று போகும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதோடு காற்று வரும் பக்கம் ஒரு படிக்கட்டு உருவாகி, ஹேர்பின் வந்து நிற்கத் தோதாகிவிடும். கெட்டியான துண்டின் இரு பக்கமும் புதிதாக மடங்குமிடம் வேறு. போட்டே ஆக வேண்டும் என்றால் சுவர் மெல்லிய துண்டாக எடுத்து, நீளத்தை 6 செ.மீ.க்குள் வைத்து, உள்விளிம்பை அரத்தால் சரிவாகச் சீவிவிடுங்கள். ஹோஸுக்கு வெளியே மாட்டும் ரப்பர் உறையும் இரண்டு கிளிப்பும் கிடைத்தால் அதுவே மேல்.

பழசு_பிரியன்

எல்லோருக்கும் நன்றி. மின்சார ஹோஸ் இல்லை, பிரஷ்ஷில் மோட்டார் கிடையாது. தலைகீழாக உறிஞ்சவிட்டதில் வளைவிலிருந்து ஒரு பேனா மூடி வந்தது. அதன் கிளிப்பில் நீள முடி சுற்றி விரல் தடிமனுக்குத் தூசி. ஹோஸ் மட்டும் மாட்டும்போது இழுவை நன்றாக வந்துவிட்டது, ஆனால் டேப் இருந்த இடத்தில் புறங்கைக்குச் சில்லென்று அடிக்கிறது. அந்த ஒரு இடம்தான். முனை எந்தப் பக்கமும் திரும்ப மறுக்கிறது, கொக்கி ஓட்டைகளும் இல்லை. பசை போட்டு ஏற்றியிருப்பார்கள் போல.

நெகிழ்குழல்

முனையை முறுக்கிப் போராடாதீர்கள், அதுதான் உடைந்தால் கிடைக்காத பொருள். எப்படியும் வெட்டப்போகும் ஹோஸைப் பலி கொடுங்கள். முனைக்கு வெளியே இரண்டு விரற்கடை விட்டு ஹோஸை அறுத்துவிடுங்கள். முனைக்குள் மாட்டியிருக்கும் பகுதியை உள்பக்கமிருந்து நீளவாக்கில் கீறி, கம்பியின் நுனியைப் பிளேயரால் பிடித்து இழுத்தால் சுருள் சுருளாக உருவிக்கொண்டு வரும். கம்பி போனபிறகு மீதிப் பிளாஸ்டிக் தளர்ந்துவிடும். வராவிட்டால் ஹேர் டிரையரால் ஒன்றிரண்டு நிமிடம் சூடு காட்டி உரியுங்கள். ஹீட் கன் வேண்டாம், முனையே கோணிவிடும். கத்தி முனையின் மரையைச் சீவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முனையில் ஹோஸ் சுழலும்படி ஒரு வளையம் இருந்தால் அதற்குள் தூசி புகுந்து இறுகியிருக்கும். துடைத்துவிட்டு மிகக் கொஞ்சமாகச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சமையல் எண்ணெய் போட்டால் தூசியைப் பிடித்துப் பிசினாகும். வளையம் சுழன்றால்தான் முறுக்கு ஹோஸுக்கு ஏறாது.

புது ஹோஸ் தேடுவதாக இருந்தால் மாடல் பெயரை வைத்துத் தேட வேண்டாம். பழைய முனைகள் இரண்டும் நல்ல நிலையில் இருக்கும்போது மீட்டர் கணக்கில் விற்கும் வெறும் ஹோஸே போதும். வெர்னியர் அளவுகோலால் மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: உள்விட்டம், முகட்டின் மேல் வெளிவிட்டம், ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம். மூன்றாவது அளவு பொருந்தவில்லை என்றால் விட்டம் சரியாக இருந்தும் முனையின் மரையில் ஏறாது. சுருள் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார்_மெக்கானிக்

பேனா மூடியோடு விஷயம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அடைப்போடு பலமுறை சூடாகி நின்ற மெஷின் அது. ஹோஸ் வேலை முடிந்ததும் எல்லாம் மாட்டிச் சாதாரணமாக அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பின்பக்கம் வரும் காற்று இதமான சூட்டோடு இருப்பது இயல்பு. காற்று தாராளமாக வந்தும் தெர்மல் கட்-அவுட் (சூடேறினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்தால் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித் துண்டு), பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். கருகிய வாசனை, காற்றுத் துளை வழியே பெரிய தீப்பொறி தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கட்-அவுட்டை நேராக ஷார்ட் செய்து ஓட்டச் சொல்லி யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீர்கள், அது இல்லாமல் அடுத்த அடைப்பில் மோட்டாரின் வைண்டிங் (செம்புக் கம்பிச் சுற்று) கருகிப்போகும்.

பைக்குப் பின்னால் உள்ள ஃபில்டரைக் கழுவிக் காயவைத்ததாகச் சொன்னீர்கள். ஸ்பாஞ்சைப் பிழிந்தால் இன்னும் மாவு போல உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் ஸ்பாஞ்சே மட்கிவிட்டது; அந்தத் துணுக்குகள் மோட்டாருக்குள்தான் போகும், மாற்றிவிடுங்கள்.